நிலுவை

இரவு பதினொன்றே முக்காலுக்கு
ஒரு நட்புக் கோரிக்கை.
இசக்கிதுரை, களக்காடு.

எனக்கு அவன்
வட்டத்துக்குள் ஓர் ‘இ’.
நாற்பத்தொரு பேர் வகுப்பில்
கேமராவை ஒருநாளும் திறக்காத ‘இ’.
இதில் பற்று எது, வரவு எது என்று கேட்டால்
மைக்கில் முதலில் ஒரு லாரி போகும்,
பிறகுதான் பதில் வரும்.
பெரும்பாலும் சரியான பதில்.

ஏற்கவில்லை.
நிராகரிக்கவும் இல்லை.
சமாதானபுரத்து மாடி வீட்டில்
கொசுவலைக்குள் உட்கார்ந்து
அவன் பக்கத்தை அடிவரை பார்த்துவிட்டேன்.
தனிப்பட்ட கணக்கில்
மாணவரோடு பேசலாகாது என்கிறது
நிறுவனத்தின் ஏழாவது விதி.
பார்க்கலாகாது என்று எந்த விதியும் இல்லை.

ஆறுமுகநயினார் சார்
வந்த கோரிக்கையெல்லாம் ஏற்றுக்கொண்டவர்.
‘நம்ம பிள்ளேள்தானம்மா,
என்ன ஆயிரப் போவுது’ என்பார்.
பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.
குற்றாலத்தில் எண்ணெய் வழிய
ஈரத்துண்டோடு அவர் நிற்கும் படம்
ஸ்டிக்கர் ஆனது.
அடியில் ‘அசைன்மென்ட் எங்கலே?’
யாரோ கைதவறி
வகுப்புக் குழுவிலேயே போட்டுவிட்டார்கள்.
சார் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.
மறுவாரம் அவர் முகம் இருந்த இடத்தில்
நிறுவனத்தின் முத்திரை இருந்தது.
இப்போது யாரையும்
‘பிள்ளேள்’ என்று அவர் சொல்வதில்லை,
‘கற்போர்’ என்கிறார்.

இசக்கிதுரையின் பக்கத்தில்
வாழைத்தார் ஏற்றிய மினி வண்டி,
கோயில் கொடையில் எடுத்த கலங்கல் படங்கள்,
ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டிக்குப் பிறந்தநாள் வாழ்த்து,
அதற்கு முப்பத்தெட்டுச் சிரிப்பு.
அப்புறம் ஆவணியில்
மாலை போட்ட ஒரு சட்டம்.
கீழே ஒரே சொல்:
‘எப்பா’.

தேதியைப் பார்த்தேன்.
அந்த வாரம்தான் அவன் கணக்கு தாமதமாக வந்தது.
‘நெட் கிடைக்கல மேடம்’ என்று எழுதியிருந்தான்.
இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தேன்.

இரண்டைத் திருப்பிக் கொடுக்க
ஒரு கட்டத்தில் காரணம் எழுத வேண்டும்.
தெரியக்கூடாத இடத்தில் தெரிந்துகொண்டதை
எந்தத் தலைப்பில் பதிவது?
வெகுநேரம் அந்தக் கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது.
கடைசியில்
‘மூன்றாம் கேள்வி தெளிவாக இல்லை’ என்று எழுதி
நாற்பத்தொரு பேருக்கும் இரண்டு மதிப்பெண் போட்டேன்.
குழுவில் மஞ்சள் கைகள் தட்டித் தீர்த்தன.
தெளிவாகத்தான் இருந்தது
மூன்றாம் கேள்வி.

சனிக்கிழமை
வண்ணார்பேட்டை பைபாஸில் பெட்ரோல் போட நின்றேன்.
தலையில் ஹெல்மெட்,
வெயிலுக்கு முகம் சுற்றிய துப்பட்டா.
‘முன்னூறுக்குப் போடுங்க’ என்றேன்.
‘ஜீரோ பாத்துக்கி...’
என்றவன் பாதியில் நின்றான்.
பின்னால் ஒரு லாரி உறுமிக் கடந்தது.
அது போனபிறகு சொன்னான்:
‘பாத்துக்கிடுங்க.’

லாரிக்குப் பின்னால் வரும் அந்தக் குரல்
எனக்குத் தெரியும்.

கண்ணாடியை நான் உயர்த்தவில்லை.
‘மேடமா?’ என்று அவன் கேட்கவில்லை.
இரண்டு பேரும்
எண்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
வகுப்பில் பார்ப்பதுபோல.
முன்னூறில் நிறுத்தி
கடைசிச் சொட்டும் டேங்குக்குள் விழும்வரை
குழாயை உதறினான்.
அவ்வளவு உதற வேண்டியதில்லை.
‘ரசீது?’
தலையை மட்டும் ஆட்டினேன்,
பேசினால் தெரிந்துவிடும் என்பதுபோல.

கோரிக்கை இன்னும் அப்படியே கிடக்கிறது.
அவனும் அதைத் திரும்பப் பெறவில்லை.

திங்கள் இரவு
தேய்மானம் நடத்தினேன்.
வாங்கின நாளிலிருந்தே
ஒரு பொருளின் மதிப்பு குறையத் தொடங்கும், சரி,
நிலத்துக்கு மட்டும் ஏன் தேய்மானம் போடுவதில்லை?
யாராவது சொல்லுங்கள்.

‘இ’யைச் சுற்றி
ஒரு பச்சை வளையம் எரிந்தது.
லாரி போகட்டும் என்று
காத்திருந்தேன்.